அம்மாவின் கணவரை ஆங்கிலப் படிவத்தில் எப்படிக் குறிப்பிடுவது?

கேள்வி: என் சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டார். எனக்கு 14 வயதானபோது அம்மா மறுமணம் செய்துகொண்டார். இப்போது 22 வயது. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், செலவை அம்மாவின் கணவர் ஏற்கிறார். அவரை ஃபாதர் என்பதா, ஸ்டெப்ஃபாதர் என்பதா? “கார்டியன்னு போட்டா எல்லாம் அடங்கிடும்” என்கிறார் ஏஜென்ட்.

பதில்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். கார்டியன் என்றால் பொதுவாக 18 வயது ஆகாத பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பானவர். 22 வயதில் உங்களுக்குக் கார்டியனே கிடையாது. இது தெரியாமலா சொல்கிறார்? ஒரே சொல்லை எல்லாருக்கும் போட்டால் அவருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

ஃபாதர் என்ற கட்டத்தில் உங்களைப் பெற்ற அப்பாவின் பெயரை எழுதுங்கள். பெயருக்கு முன்னால் ‘லேட்’ சேர்க்க வேண்டாம். கணினி அதையும் பெயராகவே எடுத்துக்கொள்ளும், அப்புறம் திருத்த அலைய வேண்டும். இறந்த விவரத்துக்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே குறியுங்கள். செலவை ஏற்பவர் பகுதியில் அம்மாவின் கணவர் பெயரும், உறவு என்ற இடத்தில் ஸ்டெப்ஃபாதர் என்பதும் வரட்டும்.

இதில் ஒரே ஒரு விலக்கு. அவர் உங்களைச் சட்டப்படி தத்தெடுத்திருந்தால் அவர் ஸ்டெப்ஃபாதர் இல்லை, ஃபாதர்தான். ‘சட்டப்படி’ என்றால் கையில் தத்து ஆணையோ பதிவுப் பத்திரமோ இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் அப்பா என்று இருப்பது தத்து ஆகாது. அவர் உங்களை வளர்த்ததும், நீங்கள் அவரை அப்பா என்று கூப்பிடுவதும் தத்து ஆகாது. தத்தெடுத்தவர் என்றே குறிக்கச் சொன்னால் அடாப்டிவ் ஃபாதர் என்று எழுதுங்கள். அடாப்டட் என்பது பிள்ளைக்கு உரிய சொல். அப்பாவுக்கு அதைப் போட்டால், அவரை யாரோ தத்தெடுத்ததாகிவிடும்!

மொழிபெயர்ப்பாளர்களிடமும் கவனம் தேவை. வளர்ப்புத் தந்தை என்ற ஒரே சொல்லை ஒருவர் ஃபாஸ்டர் என்பார், இன்னொருவர் அடாப்டிவ் என்பார். ஃபாஸ்டர் ஃபாதர் என்பவர் பிள்ளையைத் தற்காலிகமாக வைத்து வளர்ப்பவர். உங்களுக்கு அது பொருந்தாது. அம்மாவின் கணவரைச் சித்தப்பா என்று கூப்பிடும் வீடுகளும் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு அங்கிள் என்று அச்சடித்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பது படிவத்துக்கு வேண்டாம், சட்டப்படி என்ன உறவு என்பதுதான் வேண்டும்.

இன்றைக்கு எழுதும் சொல் நாளைக்கும் கூடவே வரும். உதாரணமாக, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில், பிள்ளைக்கு 18 வயது ஆகுமுன் திருமணம் நடந்திருந்தால் ஸ்டெப்ஃபாதரும் பெற்றோராகக் கணக்கில் வருவார். கார்டியன் அப்படி வரமாட்டார். முன்பு கார்டியன் என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்றினால், ஏன் என்று கேட்பார்கள்தானே?

இத்தனைக்கும் காரணம், அப்பா ஒருவர் அம்மா ஒருவர் என்று இரண்டே கட்டம் போட்டுவிட்டு மற்ற குடும்பங்களை மறந்துபோகும் படிவங்கள்தான். அவை திருந்தும்வரை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் மறுமணச் சான்றிதழ் இரண்டின் நகலையும், உறவை நான்கே வரியில் விளக்கும் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சமர்ப்பிக்கும் முன் நிரப்பிய படிவத்தை ஏஜென்ட்டிடம் வாங்கி நீங்களே படியுங்கள். காட்ட மறுக்கிறாரா? பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.