வரிக்குதிரையை நெருக்கத்தில் எடுத்தால் வெறும் கோடுகளாகவே தெரிகிறதே, ஏன்?

கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்தில் எடுத்த படங்களில் கண்ணே தெரியவில்லை, எடிட் செய்தால் கோடுகளின் ஓரம் கரகரவென்று ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்தான் முதல் சிக்கல். வரிக்குதிரையின் கண்ணும் கருப்பு, அதைச் சுற்றியுள்ள தோலும் கருப்பு. கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழாவிட்டால் அதுவும் இன்னொரு கோடாகிவிடும். காலை, மாலைச் சாய்வெயிலில் அது முகத்தை வெயில் பக்கம் திருப்பும்வரை காத்திருங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். முகம் நீளம் என்பதால் லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 4-ஐ விடச் சிறிதான எஃப் 8-இல் இருப்பது நல்லது, மூக்கிலிருந்து கண்வரை தெளிவாக வரும். முழு முகமும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. கழுத்துக் கோடுகள் அப்படியே பிடரி மயிரில் ஏறுமே, அதை மட்டும் ஃபிரேமில் நிரப்பிப் பாருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

அப்புறம் எடிட்டிங். ரா ஃபைலில், அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படத்தில், முதலில் ஹைலைட்டை (படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை) இறக்குங்கள். வெள்ளைக் கோடுகளில் மண்தூசி படிந்து லேசான பழுப்பு இருக்கும். அதைச் சலவை வெள்ளையாக்காதீர்கள். நீங்கள் சொல்லும் கரகரப்பு, கிளாரிட்டியையும் (ஓரங்களின் அழுத்தம்) ஷார்ப்பனிங்கையும் (கூர்மை) அளவுக்கு மீறிக் கூட்டியதால் வருவது. படம் முழுக்கக் கூட்டாமல் கண்ணுக்கும் மீசை மயிருக்கும் மட்டும் பிரஷ்ஷில் கொடுங்கள்.

பழகுவதற்குக் கென்யா எதற்கு? பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்குப் பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்துப் புள்ளிமான் போதும். வெயிலில் வெள்ளைப் புள்ளி வெளிறிப்போகும் தொல்லை அதிலும் உண்டு. சஃபாரி வண்டி அதிர்ந்தால், “சேட்டா, எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்று கேட்டுவிடுங்கள்.