விளக்குப் பிடித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் பந்திங்கில் பிறந்தவள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. நான் இங்கிலாந்தில் படிக்கிறேன். இந்தக் கோடை விடுமுறைக்கு கார்ன்வால் கடலோரத்தில் இருக்கும் மினாக் என்ற திறந்தவெளி நாடக அரங்கில் வேலை கிடைத்திருக்கிறது. நடிப்பதற்கு இல்லை, வெறும் எடுபிடி வேலை. சாமான் தூக்குவது, கம்பி இழுப்பது, இருக்கை துடைப்பது. "இதுக்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன், வீட்டுக்கு வா" என்கிறார் அப்பா. போகலாமா? நாடகம் பற்றி என்னென்ன நூல்கள் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

போ. நூல் பட்டியலெல்லாம் இப்போது வேண்டாம். அங்கே என்ன நாடகம் போடுகிறார்களோ அதை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போ. அப்பாவுக்கு உன்னைப் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம், அடிக்கடி கூப்பிட்டுப் பேசு, சரியாகிவிடுவார்.

ஆனால் அந்த வேலையை நீயே ஒரு படி இறக்கி எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அரங்கம் எப்படி வந்தது தெரியுமா? ரொவீனா கேட் என்ற பெண்மணி தன் வீட்டுக்குக் கீழே கடலைப் பார்த்து நின்ற கருங்கல் பாறையில், தன் தோட்டக்காரரோடு சேர்ந்து கட்டிய இடம் அது. 1932இல் அங்கே ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நடந்தபோது கார் விளக்குகளையும் வைத்துத்தான் மேடைக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். அப்புறமும் அந்த அம்மா கடற்கரை மணலை மூட்டை மூட்டையாகத் தூக்கிவந்து சிமெண்டில் கலந்து, எண்பது வயது தாண்டியும் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் மணல் தூக்கிய இடத்தில் சாமான் தூக்க உனக்கு என்னம்மா கூச்சம்?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கடைசி இரவு நாடகம். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் காலி டிரம்களின் மேல் பலகை அடுக்கி மேடை போடுவார்கள். பகலில் ரப்பர் பால்மரம் வெட்டும் என் பெரியப்பாவுக்கு அன்று காஸ் விளக்குதான் பொறுப்பு. காஸ் விளக்கை நினைத்த நேரத்தில் அணைத்து நினைத்த நேரத்தில் கொளுத்த முடியாது, மறுபடி சூடேற்றிப் பம்ப் அடிப்பதற்குள் காட்சியே முடிந்துவிடும். அதனால் அடிப்பக்கம் வெட்டிய மண்ணெண்ணெய் டின்னைக் கயிற்றில் கட்டி விளக்குக்கு மேலே தொங்கவிட்டிருப்பார். அரிச்சந்திரன் மயானத்துக்கு வந்ததும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார், டின் இறங்க இறங்க மேடை இருளும், பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்கும். மாலை மட்டும் நடிகர்களுக்கும் தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கும். பெரியப்பாவை ஒருநாளும் மேடைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நடித்தவர் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், விளக்குப் பிடித்தவரை மட்டும் மறந்துவிடுவோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, சனங்கள் பட்டணத்துக்குச் சிதறியபோது நடிக்கத் தெரிந்தவர்கள் எங்கேயாவது நடித்துக்கொண்டார்கள். மேடை கட்டவும் இருட்டாக்கவும் தெரிந்தவர்களிடம் யாரும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது ஒரு நாடகம் போட்டால் கல்யாண மேடைக்கு லைட் போடுகிறவரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் சாவுக்கும் காதலுக்கும் ஒரே நீலத்தை அடித்துவிட்டுப் போகிறார். உன்னைப் போன்ற படித்த பிள்ளைகளும் அதை எடுபிடி வேலை என்று ஒதுக்கினால் வேறு யார்தான் கற்றுக்கொள்வது?

அங்கே ஜூலையில் இரவு 9.30 வாக்கில்தான் சூரியன் மறையும். 7.30க்குத் தொடங்குகிற நாடகத்தில் முதல் பாதி பகல் வெளிச்சத்திலேயே ஓடிவிடும், இருட்ட இருட்டத்தான் விளக்குகளுக்கு வேலை வரும். நம் ஊரில் வருடம் முழுக்க எட்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் இந்த வித்தையை இங்கே யாரும் உனக்குக் காட்ட முடியாது. அதை விடாமல் கவனி. கடற்காற்றின் உப்பு கம்பி இணைப்புகளை அரிக்காமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள், நம் ஊர்ப் பக்கத்து மோரிப் கடற்கரையில் நாமும் ஒரு நாடகம் போட வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

சாதாரண மழைக்கு அங்கே ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், நல்ல மழைச்சட்டை வாங்கிக்கொள். முதல் வாரம் முடிந்ததும் எனக்கு எழுது. நடிகர்களைப் பற்றி வேண்டாம், விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் உட்கார்ந்திருப்பவர் இரவு முழுக்க என்ன செய்கிறார் என்று எழுது.