மூட்டுவலியா, முடக்குவாதமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. மூட்டு நோய் மருந்து ஆராய்ச்சில ஆள் சேக்கறது, ஃபார்ம் ரொப்பறது, மாசாமாசம் போன் போட்டு "வலி பத்துக்கு எவ்ளோம்மா"ன்னு கேக்கறது, இதான் பாண்டில என் வேலை, பதினாலு வருஷம் பாத்தேன். நடுவுல எனக்கே முடக்குவாதம் வந்து மேஜைக்கு அந்தப்பக்கம் போய் உக்காந்துட்டேன். மாத்திரைய ஆரம்பிக்கறதும் நிறுத்தறதும் உங்க டாக்டர கேட்டுத்தான், இத ஒவ்வொரு பதில்லயும் சொல்லிட்டு இருக்க மாட்டேன், சலிச்சிடும்.

கடலூர் முதுநகர்லேருந்து ஒரு தம்பி: அக்கா, அம்மாவுக்கு 52 வயசு. காலைல எழுந்தா ரெண்டு கை விரலும் மடக்க முடியல, ஒரு மணி நேரம் ஆவுது. பக்கத்து வீட்டு ஆயா முட்டிவலிக்கு வாங்கற மாத்திரையே வாங்கி போட்டுக்கறாங்க. வயசானா வர்றதுதானே?

தம்பி, "மூட்டுவலி"ங்கற ஒத்த பேர மொதல்ல விடுங்க, அதுக்குள்ள நூறு நோய்க்கு மேல இருக்கு. அந்த ஆயாவுக்கு இருக்கறது அனேகமா தேய்மானம், நடந்தா வலிக்கும், உக்காந்தா கொறையும், காலைல பிடிச்சிக்கிட்டாலும் அரை மணிக்குள்ள விட்டுடும். உங்கம்மா கதை வேற மாதிரி இருக்கு. ரெண்டு கையும் ஒரே மாதிரி, விரல் கணு, ஒரு மணி நேரம் பிடிப்பு, இது முடக்குவாதமா இருக்கலாம், நம்ம பக்கம் பெரியவங்க சரவாங்கின்னு சொல்வாங்களே அது. நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள்சவ்வ எதிரின்னு நெனச்சு அடிக்கற நோய் இது, வயசு காரணம் இல்ல, முப்பதுலயும் வரும், ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்.

ஆர்ஏ ஃபேக்டர்னு ஒரு டெஸ்ட் எழுதி குடுப்பாங்க. நார்வேல வாலர்ங்கறவர் 1940லயும் அமெரிக்கால ரோஸ்ங்கறவர் 1948லயும் கண்டுபிடிச்ச பழைய டெஸ்ட் அது, நெகட்டிவ் வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் கெடையாது, பாசிட்டிவ் வந்தாலே நோய்னும் அர்த்தம் கெடையாது. 90கள் கடைசில வந்த ஆன்ட்டி சிசிபிங்கற இன்னொரு ரத்த டெஸ்ட் இன்னும் கறாரா சொல்லும், சில பேர் ரத்தத்துல அது வலி வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே தெரியும். அதனாலதான் வலி மட்டும் இருந்து வீக்கம் வராதவங்களுக்கு எதிர்ப்பு சக்திய அடக்கற அபாடசெப்ட் ஊசிய முன்கூட்டியே போட்டு பாத்தாங்க, 2024ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல ரெண்டு ஆராய்ச்சி வந்துச்சு, நோயா மாறினவங்க எண்ணிக்கை கொறைஞ்சுது, ஆனா ஊசிய நிறுத்தின பிறகு அந்த பலன் மெல்ல கரைஞ்சிடுச்சு. அது இன்னும் ஆராய்ச்சிதான். இப்போதைக்கு முக்கியமானது மொத மூணுலேருந்து ஆறு மாசம், அதுக்குள்ள சரியான மருந்து ஆரம்பிச்சா எலும்ப அரிக்காம காப்பாத்தலாம், அரிச்ச எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. எலும்பு டாக்டர்கிட்ட இல்ல, ருமட்டாலஜி, அதாவது வாத நோய் பாக்கறவங்ககிட்ட கூட்டிட்டு போங்க. பாண்டி ஜிப்மர்ல இதுக்கு கிளினிக்கல் இம்யூனாலஜின்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, கூட்டமா இருக்கும், பரவால்ல, சாப்பாடு கட்டிட்டு போங்க.

வில்லியனூர்லேருந்து ஒருத்தர்: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதி குடுத்தாங்க மேடம். நெட்ல பாத்தா கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கு, வொய்ஃப் பயந்து அழுவுறாங்க.

சார், எனக்கும் இதே பயம் இருந்துச்சு, ஆனா இந்த மருந்தோட கதை நம்ம மெட்ராஸ்லேருந்துதான் ஆரம்பிக்குது. எல்லாப்ரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், 1895ல பொறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிக்கும்போது கதர் உடுப்பு போட்டுக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு போனார்னு வெள்ளக்கார வாத்தியாருக்கு கோவம் வந்து எம்பிபிஎஸ் கெடைக்காம சின்ன பட்டந்தான் கெடைச்சுதாம். அவர் அமெரிக்கா போய் லெடர்லிங்கற மருந்து கம்பெனில ஃபோலிக் ஆசிட்ட எதிர்க்கற மருந்துகள உருவாக்கின டீமுக்கு தலைமை தாங்கினார், அதுல வந்ததுதான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். மொதல்ல ரத்தப்புத்துநோய் வந்த கொழந்தைங்களுக்கு குடுத்தாங்க, 1951லயே அமினோப்டெரின முடக்குவாதத்துக்கும் குடுத்து பாத்தாங்க, ஆனா அப்ப ஊரே கார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு, இத யாரும் கண்டுக்கல. 1985ல மெத்தோட்ரெக்சேட்ட வெச்சு ஒழுங்கா ட்ரையல் நடத்தி, 1988ல அமெரிக்கால முடக்குவாதத்துக்கு அனுமதி குடுத்தாங்க. முப்பத்தேழு வருஷம் வீணா போச்சு, எத்தன பேர் கை கோணிப்போச்சோ.

கேன்சருக்கு குடுக்கற டோஸ் வேற, இது ரொம்ப சின்ன டோஸ். ஆனா ஒண்ணு, இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தெனமும் போட்டுக்கிட்டா வாய் புண்ணாவும், ரத்த அணு கொறையும், உயிரே போயிருக்கு, உலகம் பூரா நடந்த தப்பு இது. எங்க வீட்ல காலண்டர்ல வெள்ளிக்கிழமைக்கு செவப்பு மையில வட்டம் போட்டு வெச்சிருக்கேன். பக்க விளைவ கொறைக்க டாக்டர் ஃபோலிக் ஆசிட் குடுத்திருப்பார், அத விடாதீங்க. ரத்த டெஸ்ட்டு சொன்ன தேதில எடுக்கணும். தண்ணி அடிக்கற பழக்கம் இருந்தா, பாண்டிய வெச்சிக்கிட்டு இத சொல்றது கஷ்டந்தான், ஈரலுக்காக ஒத்தி வைங்க. கொழந்த பெத்துக்கற யோசனைல இருக்கற பொண்ணுங்க இந்த மருந்துல இருக்கக்கூடாது, முன்னாடியே சொல்லி மாத்திக்கணும்.

தவளக்குப்பத்துலேருந்து ஒரு அண்ணி: சிக்குன்குனியா வந்து எட்டு மாசம் ஆச்சு. கணுக்கால் வீக்கம் போவல. இதுவும் வாதந்தானா?

அண்ணி, அந்த பேருக்கே வளைஞ்சு போறதுன்னுதான் அர்த்தம், 1952ல இன்னிக்கு தான்சானியாவா இருக்கற எடத்துல மக்கொண்டே மக்கள் பாஷைலேருந்து வந்தது. ரீயூனியன் தீவு தெரியுமில்ல, நம்ம பாண்டி காரைக்கால்லேருந்து கரும்புத்தோட்டத்துக்கு கப்பல் ஏறி போனாங்களே, அந்த தீவுல 2005, 2006ல சிக்குன்குனியா வந்து மூணுல ஒருத்தருக்கு புடிச்சுது. அந்த தீவு ஜனங்கள வெச்சுதான் இந்த நீண்ட நாள் வலிய பத்தி உலகம் நெறைய கத்துக்கிச்சு, வருஷக்கணக்கா வலி இருந்தவங்க ஏராளம். ஒரு நோயாளி மூட்டு சவ்வுல பதினெட்டு மாசம் கழிச்சும் வைரஸோட மிச்சத்த பாத்தாங்க. அதே 2006ல நம்ம பக்கமும் தெருத்தெருவா எல்லாரும் செவுத்த புடிச்சிக்கிட்டு நடந்தோம், ஞாபகம் இருக்கா?

நல்ல சேதி, நெறைய பேருக்கு இது மெல்ல மெல்ல அடங்கிடும். ஆனா எட்டு மாசமா வீக்கமே இருக்குன்னா சும்மா வலி மாத்திரையோட நிக்காதீங்க, சில பேருக்கு முடக்குவாதம் மாதிரியே நிக்குது, அதுக்கான மருந்து தேவைப்படுது. கொசு பக்கம் வேலை நடக்குது, நம்ம பாண்டி இந்திரா நகர்ல இருக்கற கொசு ஆராய்ச்சி நிலையம் விசிஆர்சில வொல்பாக்கியாங்கற பாக்டீரியாவ ஏடிஸ் கொசுக்குள்ள ஏத்தி, வைரஸ் வளராத கொசுவ உருவாக்கி இருக்காங்க. அது நம்ம தெருவுக்கு வர்ற வரைக்கும் தண்ணி தொட்டிய மூடி வைங்க.

தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருத்தர்: ராத்திரி ரெண்டு மணிக்கு கால் கட்டவெரல் தீ வெச்ச மாதிரி, போர்வ பட்டாலே உயிர் போவுது. நாலு நாள்ல தானா போயிடுது. மூணாவது தடவ.

அண்ணே, இது கவுட் மாதிரி இருக்கு, யூரிக் ஆசிட் உப்பு படிகமாயி மூட்டுக்குள்ள குத்துது. நெத்திலி, மத்தி, ஈரல், பீர், இதெல்லாம் ஏத்தி விடும், கடற்கரைல இருந்துக்கிட்டு மீனே வேணாம்னு நான் சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா சாப்பாடு மட்டும் காரணம் இல்ல, கிட்னி வெளியேத்தாததுதான் பெரும்பாலும். வலி இருக்கும்போது டெஸ்ட் எடுத்தா நார்மலா காட்டி ஏமாத்தலாம், அடங்கின பிறகும் ஒரு தரம் எடுங்க. யூரிக் ஆசிட் ஆறுக்கு கீழ வரணும். அத கொறைக்க அல்லோபியூரினால்னு மருந்து இருக்கு, அத உருவாக்கின ஆராய்ச்சிக்காரங்கள்ல கெர்ட்ரூட் எலியான்னு ஒரு அம்மா, 1988ல நோபல் வாங்கினவங்க. வலி போச்சேன்னு அத நிறுத்திடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

பண்ருட்டிலேருந்து: அம்மாவுக்கு முட்டி தேய்மானம். குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாசம் ஆயிரத்துக்கு மேல ஆவுது. ஒருத்தர் ஓட்ட போட்டு கழுவி விட்டா சரியாயிடும்ங்கறாரு, இன்னொருத்தர் மூணு மாசத்துக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசிங்கறாரு.

மூணுக்கும் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு. குளுக்கோசமைன், 2006ல 1583 பேர்கிட்ட பாத்தாங்க, மொத்தமா பாத்தா மருந்தே இல்லாத வெறும் மாத்திரைய விட பெருசா ஒண்ணும் பண்ணல. ஊசி, 2017ல வந்துச்சு, ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணா போட்டு பாத்தாங்க, வலில வெறும் உப்புத்தண்ணி ஊசிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல, குருத்தெலும்பு மட்டும் கூடுதலா தேஞ்சுது. எப்பவாவது வீக்கத்துக்கு ஒண்ணு போடறது வேற, மொறை வெச்சு போடறது வேற.

கழுவி விடறதுதான் எனக்கு புடிச்ச கதை. அமெரிக்கால ஹூஸ்டன்ல மோஸ்லின்னு ஒரு சர்ஜன், 180 பேர சேத்து மூணா பிரிச்சார். ஒரு கூட்டத்துக்கு உள்ள சுரண்டி சுத்தம் பண்ணார், ஒரு கூட்டத்துக்கு கழுவி மட்டும் விட்டார், மூணாவது கூட்டத்துக்கு தோல்ல கீறல் போட்டு, தண்ணி சத்தம்லாம் கேக்க வெச்சு, உள்ள ஒண்ணுமே பண்ணாம தச்சு அனுப்பிட்டார். எல்லார்கிட்டயும் முன்னாடியே சம்மதம் வாங்கினதுதான், பொய் ஆபரேஷனா இருக்கலாம்னு கையெழுத்து போட்டவங்கதான். ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா மூணு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரி. 2002ல அத வெளியிட்டப்ப எலும்பு டாக்டருங்க எத்தன பேருக்கு தூக்கம் போச்சோ.

அந்த காச அம்மாவுக்கு நல்ல பிசியோதெரபிக்கு போடுங்க. 2020ல ஊசியையும் பிசியோவையும் நேருக்கு நேர் வெச்சு பாத்ததுல ஒரு வருஷம் கழிச்சு பிசியோதான் ஜெயிச்சுது. ஒடம்பு எடை ஒரு கிலோ கொறைஞ்சா நடக்கும்போது முட்டி மேல ஏர்ற பாரம் நாலு கிலோ கொறையுது, இதையும் அளந்து பாத்திருக்காங்க. எல்லாம் பண்ணியும் நடக்கவே முடியலன்னா மாத்து மூட்டு இருக்கு, 2017ல அந்த மூட்டுக்கு அரசாங்கமே விலைக்கு உச்சவரம்பு வெச்சுது, பயப்பட வேணாம்.

லாஸ்பேட்டை: புயல் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு முட்டி சொல்லிடும், வீட்ல சிரிக்கறாங்க.

முழுக்க சிரிக்க முடியாது. இங்கிலாந்துல ரெண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல போன்லயே தெனமும் வலிய குறிக்க வெச்சு வானிலையோட ஒத்து பாத்து 2019ல வெளியிட்டாங்க, ஈரப்பதம் ஏறி காத்தழுத்தம் எறங்கற நாள்ல வலி கொஞ்சம் கூடுது, கொஞ்சந்தான். தானே புயலுக்கும் ஃபெஞ்சலுக்கும் என் மணிக்கட்டு சொல்லுச்சான்னா, இல்ல, டிவிதான் சொல்லுச்சு.

பாகூர்: புளி, கத்திரிக்கா, உருளைக்கெழங்கு நிறுத்தணுமா?

முடக்குவாதத்துக்கு அப்டி பொதுவா நிறுத்தச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. பீடி சிகரெட்டுக்குத்தான் ஆதாரம் குவிஞ்சு கெடக்கு, நோய் வர்றதுக்கும் மருந்து வேலை செய்யாம போறதுக்கும். வத்தக்கொழம்பு சாப்டுங்க.

குறிஞ்சிப்பாடிலேருந்து ஒரு அம்மா: ஒரு எடத்துல பொட்டலம் குடுத்தாங்க, மூலிகைன்னாங்க. பத்தே நாள்ல ஓட ஆரம்பிச்சேன். இப்ப ஆறு மாசம், மொகம் உப்பி, சக்கரை ஏறிடுச்சு.

அம்மா, இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, அந்த பொட்டலத்தையும் எடுத்துட்டு போங்க, திடீர்னு மட்டும் நிறுத்தாதீங்க. உள்ள ஸ்டீராய்டு கலந்திருந்தா ஒடம்பு தானா சுரக்கறத நிறுத்தியிருக்கும், சட்டுனு விட்டா மயங்கி விழுவீங்க. சித்த மருத்துவத்த நான் கொற சொல்லல, பதிவு பண்ண வைத்தியர், லேபிள் ஒட்டின மருந்துன்னா அது வேற. பேர் இல்லாத பொட்டலம் பத்து நாள்ல ஓட வெச்சாதான் எனக்கு சந்தேகம். 1948ல அமெரிக்கால மேயோ கிளினிக்ல ஹென்ச்ங்கற டாக்டர் மொத தடவ கார்ட்டிசோன் போட்டப்பவும் இப்டித்தான், முடக்குவாதத்துல படுக்கைல கெடந்த பொண்ணு சில நாள்ல எழுந்து நடந்தாங்க, 1950லயே நோபலும் குடுத்துட்டாங்க, பக்க விளைவு எல்லாம் அதுக்கப்புறம்தான் ஒண்ணொண்ணா தெரிஞ்சுது.

அரியாங்குப்பம்: பயாலஜிக் ஊசி போட சொல்றாங்க, டிபி டெஸ்ட் எதுக்கு?

பயாலஜிக்னா எதிர்ப்பு சக்தில ஒரு குறிப்பிட்ட பொருள மட்டும் தடுக்கற ஊசி. ஒடம்புல சுரக்கற டிஎன்எஃப்ங்கற ஒரு பொருள்தான் வீக்கத்துக்கு தலைவன்னு லண்டன்ல ஃபெல்ட்மனும் மைனியும் கண்டுபிடிச்சு 1992ல மனுஷங்களுக்கு அத தடுக்கற ஊசிய போட்டு பாத்தாங்க. மைனி நம்ம லூதியானால பொறந்தவர். ஆனா அதே டிஎன்எஃப்தான் நமக்குள்ள தூங்கற டிபி கிருமிய கட்டி வெச்சிருக்கு, கட்ட அவுத்துட்டா அது முழிச்சிக்கும். நம்ம நாட்டுல அந்த டெஸ்ட்ட தவிர்க்கவே கூடாது. 2014 கடைசில டிஎன்எஃப்ப தடுக்கற அடலிமுமாப் ஊசியோட இந்திய தயாரிப்பு வந்ததுலேருந்து விலையும் எறங்கி இருக்கு.

நெய்வேலிலேருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வீக்கம் கொறைஞ்சிடுச்சு, ரிப்போர்ட் நார்மல். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஒரு கரண்டிய தூக்க தெம்பு இல்ல. மாமியார் சோம்பேறிங்கறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு.

தங்கச்சி, சோம்பேறித்தனம் இல்லம்மா. நான் வேல பாத்தப்ப எங்க ஃபார்ம்ல எத்தன மூட்டு வீங்கி இருக்கு, எத்தன மூட்டு வலிக்குது, ரத்தத்துல வீக்கத்த காட்டற இஎஸ்ஆர் எவ்ளோ, இதுக்கெல்லாம் கட்டம் இருக்கும். சில பேர் கெளம்பும்போது வாசல்ல நின்னு "ஒடம்பே ஓயுதும்மா"ன்னு சொல்வாங்க, அதுக்கு கட்டமே இருக்காது, நான் ஓரத்துல பென்சில்ல எழுதுவேன், யாரும் படிக்க மாட்டாங்க. எனக்கே வந்த பிறகுதான் அந்த பென்சில் வரி எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சுது.

உலகம் முழுக்க இதே கததான். மூட்டு ஆராய்ச்சில எத அளக்கணும்னு முடிவு பண்ற ஓமெராக்ட்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, 2002லதான் மொத தடவையா நோயாளிங்களையும் உக்கார வெச்சு கேட்டாங்க. டாக்டருங்க வலி, வீக்கம்னு பேசிட்டு இருக்க, நோயாளிங்க சோர்வ ஏன் விட்டுட்டீங்கன்னு கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் முடக்குவாத ஆராய்ச்சில சோர்வையும் அளக்கணும்னு ஆச்சு. வீக்கம் கொறைஞ்ச பிறகும் சோர்வு தங்கும், அதுக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எல்லாம் கூட சேரும், ஒவ்வொண்ணா பாக்கச் சொல்லுங்க. தெனமும் கொஞ்சம் நடக்கறது சோர்வ கொறைக்குது, கேக்க எரிச்சலாத்தான் இருக்கும், நானும் எரிச்சலாத்தான் ஆரம்பிச்சேன்.

அடுத்த விசிட்டுக்கு மாமியாரையும் கூட்டிட்டு போங்க. உள்ள போனதும் ரிப்போர்ட்ட நீட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு மணி கதைய மொதல்ல சொல்லுங்க, டாக்டர் அத சீட்டுல எழுதறாரான்னு பாருங்க. எழுதலன்னா எழுத சொல்லுங்க.