‘பேக் அவுட்’ என்றால் என்ன? எப்படிப் பயன்படுத்துவது?

ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து பின்வாங்குவதுதான் ‘பேக் அவுட்’. பேச்சுத் தமிழில் ‘ஜகா வாங்குறது’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

‘பேக்’ என்றால் பின்னால், ‘அவுட்’ என்றால் வெளியே. குறுகிய சந்துக்குள் நுழைந்த காரை ரிவர்ஸ் போட்டு வெளியே எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது: உள்ளே போனவர்தான் பின்னால் வர முடியும்.

வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர் பத்திரப்பதிவுக்கு முதல் நாள் ‘வேண்டாம்’ என்கிறார். ‘ஹி பேக்ட் அவுட் ஆஃப் த டீல்.’ இங்கேதான் நம்மவர்கள் சறுக்குவார்கள். தமிழில் ‘டீலிலிருந்து’ என்று யோசிப்பதால் ‘ஃப்ரம்’ வந்து விழும். வழக்கமாக வருவது ‘ஆஃப்’. அதற்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘பேக்ட் அவுட் ஆஃப் பையிங் த ஹவுஸ்’. எதிலிருந்து என்பது முன்பே தெரிந்திருந்தால் ‘ஹி பேக்ட் அவுட்’ போதும், ‘ஆஃப்’ வேண்டாம். பேசும்போது இரண்டு சொல்லும் ஒட்டி ‘பேக்டவுட்’ என்றே காதில் விழும்.

எந்த மறுப்பையும் ‘பேக் அவுட்’ என்று பலர் எழுதுகிறார்கள்; அழைத்தவுடனே ‘வரலை’ என்றால் அது ‘டிக்ளைன்’, ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டால் மட்டுமே ‘பேக் அவுட்’.