சாவியால் கீறிக் காட்டினால் நம்பலாமா?

கேள்வி: போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டக் கடைக்குப் போனேன். 100 ரூபாயிலும் இருக்கிறது, 600 ரூபாயிலும் இருக்கிறது. இரண்டு அட்டையிலும் '9எச்' என்றுதான் போட்டிருக்கிறது. கடைக்காரர் சாவியால் அழுத்திக் கீறிக் காட்டினார், கோடே விழவில்லை. எதை வாங்குவது?

பதில்: சாவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பித்தளைச் சாவி சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கீறாது. 9எச் என்பது பென்சிலின் கடினத்தைச் சொல்லும் கணக்கு. அந்தப் பென்சிலால் கோடு விழவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

பலம் வருவது வேறு வழியில். தடிமனான கண்ணாடியைச் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்து டெம்பர் செய்வார்கள். 0.33 மில்லிமீட்டர் கிளாஸில் அது நடக்காது. உள்ளும் வெளியும் ஒரே நேரத்தில் ஆறிவிடும். அதனால் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கி வைக்கிறார்கள். பட்டாசில் சேர்க்கும் அதே வெடியுப்புதான். 334 டிகிரியில் உருகும். சுமார் 400 டிகிரியில் மணிக்கணக்கில் ஊறும்போது, கண்ணாடியின் மேல்தோலில் இருக்கும் சோடியம் அயனிகள் உப்புக்குள் போய்விட, அந்த இடத்தில் அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் வந்து உட்காரும். பஸ்ஸில் ஒல்லியானவர் எழுந்த இடத்தில் பருமனானவர் உட்கார்ந்தால் அந்த சீட்டே இறுகிப்போகும் இல்லையா, அதே கதைதான். அந்த இறுக்கம் விரிசலைத் திறக்க விடாது.

ஆனால் இறுகிய தோலின் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. சாதாரண சோடா-லைம் கண்ணாடியில் இன்னும் குறைவு. அலுமினோசிலிக்கேட் கண்ணாடியில் பொட்டாசியம் ஆழமாக இறங்கும். அதிக விலை கேட்டால் இந்தப் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் பணம் எதற்கு?

நான் 100 ரூபாய் கிளாஸையே வாங்குவேன், ஓரத்தைப் பார்த்துவிட்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நான்கு ஓரங்களையும் பாருங்கள். அரிசி நுனி அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

அப்புறம், உண்மையான எதிரி மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. பையில் ஒட்டியிருக்கும் நாலு மணல் பொடி போதும், அந்த மெல்லிய தோலைத் தாண்டிக் கிழித்துவிடும். நகத்தை ஓட்டும்போது கீறல் தட்டுப்பட்டால், உடையும்வரை காத்திருக்காமல் கிளாஸை மாற்றிவிடுங்கள்.

கொரில்லா கிளாஸ் போட்ட போன் என்றால், அதன் திரையும் இதே மாதிரி உப்பில் ஊறி வந்ததுதான். அந்தக் கீறல் அதன்மேல் விழாமல் இருக்கத்தான் இந்த 100 ரூபாய்.