லீஃப்ஸுக்குச் சாபமா?

அன்புள்ள அண்ணா,

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், பண்டகசாலையில் வேலை. ஒக்டோபரில் ஐஸ் ஹொக்கி தொடங்கியபோது, இந்த முறையாவது எங்கள் நகர அணி மேப்பிள் லீஃப்ஸ் ஏதாவது செய்யும் என்று நம்பினேன். நவம்பரில் வரிசையாகத் தோற்று அட்டவணையின் அடிக்குப் போய்விட்டார்கள். நட்சத்திர ஆட்டக்காரன் மிட்ச் மார்னரும் இப்போது இல்லை. இந்த அணிக்கு ஏதோ சாபம் இருக்கிறது. பத்து வயது மகள், “இனிப் பார்க்க வேண்டாம் அப்பா” என்கிறாள். அவளைக் கூடைப்பந்துப் பக்கம், ராப்டர்ஸ் அணிக்குத் திருப்பிவிடலாமா?

ஸ்காபரோ வாசகர்

அன்புள்ள தம்பி,

மார்னர் வேகாசுக்குப் போனதற்கு நான் அழப்போவதில்லை. மார்க்கம் பெடியன், நல்ல ஆட்டக்காரன், போய்விட்டான். நவம்பர் தோல்விகளையும் விடுங்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் 31 அணிகளில் கடைசியில் கிடந்தது சென்ட் லூயிஸ் புளூஸ். அந்த ஜூனில் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கியதும் அவர்கள்தான். அவர்களை நடத்திய கிரெய்க் பெரூபே 2024இல் லீஃப்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தார். லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்ற 1967இலும் அந்தக் குளிர்காலத்தில் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்கள் தோற்றார்கள்.

ஆனால் சாபம் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதில். படித்த மனிதர், தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் போகிறவராக இருக்கும், சாபம் என்கிறீர்கள்! 1972இல் இந்த அணி ஹரோல்ட் பல்லார்ட் என்ற முதலாளியின் கைக்குப் போனது. அதே ஆண்டு அவர் அரங்கத்தின் பணத்தில் மோசடி செய்ததற்காகச் சிறைக்கும் போனார். வெளியே வந்து மறுபடி அதே கதிரையில் உட்கார்ந்தார். 1967 இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் டேவ் கியோன் அவரோடு பிணங்கி 1975இல் வெளியேறினார். 1979இல் நண்பன் லனி மக்டொனால்டை வேறு அணிக்குக் கைமாற்றியதும், அணித்தலைவர் டரில் சிட்லர் சட்டையிலிருந்த ‘C’ என்ற தலைவர் எழுத்தைக் கிழித்தெடுத்துவிட்டு ஆடினார். 1990இல் பல்லார்ட் சாகும்வரை இப்படித்தான். 1967க்குப் பிறகு இறுதிச் சுற்றையே காணாத அணி இது. இதில் சாபம் எங்கே வந்தது? ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கிறது.

இன்னொன்றைக் கேளுங்கள். 1946இலிருந்து 1999இல் லீஃப்ஸ் வெளியேறும்வரை அவர்களின் அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் அவர்களின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதும் விற்றது. தோற்றாலும் விற்றது. பல்லார்ட் சிறையில் இருந்தபோதும் விற்றது. அப்படியிருக்க எந்த முதலாளிக்கு வெல்ல வேண்டிய அவசரம்? தோல்வியின் விலையை அவர்கள் ஒருநாளும் கட்டியதில்லை. நீங்களும் நானும் கட்டினோம்.

நான் 1993 வசந்தத்தில் நகர மையத்தில் ஓர் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவினேன். போர்த்துக்கேயச் சமையல்காரர் ஒருவர், வயதானவர், றேடியோவை மாப்பெட்டிக்கு மேல் வைத்திருப்பார். லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுடன் அரையிறுதி. ஆறாவது ஆட்டத்தில் கிங்ஸின் கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மோரின் நாடியில் பட்டது, அந்தத் தவறை நடுவர் கவனிக்கவில்லை. அதே கிரெட்ஸ்கி மேலதிக நேரத்தில் கோல் போட்டார். ஏழாவது ஆட்டம் எங்கள் ஊரில். கிரெட்ஸ்கி மூன்று கோல், 5-4, எல்லாம் முடிந்தது. சமையல்காரர் றேடியோவை நிறுத்திவிட்டு இறைச்சியைத் திருப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒக்டோபரில் அதே நீலத்தொப்பியோடு வந்தார், “இந்த முறை பார்” என்றார். அரங்கம் நடந்து போகும் தூரம்தான். அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை, காசு கட்டாது. இன்றும் கண்ணாடியோரத்து இருக்கைகள் நிறுவனங்களுக்கு. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியும் அவை வெறுமையாகக் கிடப்பதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம்புகிறவர்கள் சமையலறைகளிலும் உங்கள் பண்டகசாலையிலும் இருக்கிறார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு இளகுகிறது. ஆனால் அவருடைய நம்பிக்கையால் லாபம் கண்டவர் யார் என்று அவர் கேட்டதேயில்லை. நீங்களும் கேட்கவில்லை, சாபம் என்றீர்கள்.

ராப்டர்ஸா? 2019இல் வென்றார்கள், சந்தோசம். ஆனால் ராப்டர்ஸும் லீஃப்ஸும் ஒரே கம்பனியின் சொத்து என்று தெரியாதா? உங்கள் மகளை அந்த முதலாளியின் இடப்பக்கப் பையிலிருந்து எடுத்து வலப்பக்கப் பையில் போடப் பார்க்கிறீர்கள்.

அவள் பார்க்க வேண்டாம் என்றால் விடுங்கள். பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது. அல்பேர்ட் காம்பெல் சதுக்கத்தில் சறுக்குத்தளம் திறந்ததும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள், காசு கேட்கமாட்டார்கள். சறுக்குச் சப்பாத்தைப் புதிதாக வாங்காதீர்கள். அவளுக்குக் கால் வளர்ந்துகொண்டிருக்கும், பழைய சாமான் கடையில் பாருங்கள்.