சார்ஜரப் புடுங்குறான், ஃபோன மட்டும் மாத்துறான்!

கேள்வி: காலேஜ் படிக்கிற எம் பையன், சும்மா மாட்டியிருக்கற சார்ஜரப் பாத்தாக்கூட கரண்ட் வேஸ்ட், பூமி சூடாகுதுன்னு புடுங்குறான், பழைய மெயிலெல்லாம் டெலீட் பண்ணச் சொல்றான். ஆனா அவன் ஃபோன் மூணு வருஷந்தான் ஆச்சு, சார்ஜ் நிக்கலைன்னு புதுசு கேக்கறான். யார் பண்றது சரிங்க? – அம்மாபேட்டை வாசகி, சேலம்

பதில்: அக்கா, படிச்சதும் சிரிச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. தம்பி மனசு நல்ல மனசுதான், கணக்குதான் கொஞ்சம் இடிக்குது.

ஃபோன் மாட்டாத சார்ஜர், இப்போ வர்றது, வருஷம் பூரா பிளக்குலயே கெடந்தாலும் பெருசா போனா 1 யூனிட். ஃபோன தெனம் ஃபுல் சார்ஜ் போட்டாலும் வருஷத்துக்கு 10 யூனிட் தாண்டறது கஷ்டம். மெயில் டெலீட் பண்றதுல மிச்சமாகறது அதவிடக் கம்மி, விடுங்க.

பெரிய செலவு அந்த ஃபோன் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருது. ஒரு ஃபோன் அதோட ஆயுசுக்கும் காத்துல விடற கார்பன்ல பெரும்பங்கு அதச் செய்யறப்பவே போயிருது, சிப்பு செய்யறது, உலோகம் வெட்டி உருக்கறதுன்னு. நம்ம ஊருக்கு இது புதுசா என்ன, சேர்வராயன் மலையில பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு லாரி லாரியா கொண்டுபோய் அலுமினியம் எடுத்தத பாத்தவங்கதான நாம, மலையில அந்தக் காயம் இன்னும் தெரியுது. அதே அலுமினியத்த பழசுல இருந்து உருக்கி எடுத்தா 5 பங்கு கரண்ட் போதும், புதுசா மண்ணுல இருந்து எடுக்க 100 பங்கு வேணும்.

அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, பேட்டரி மட்டும் மாத்திக்கோன்னு. புது ஃபோன் விலையில ஒரு துளிதான் ஆகும், நல்ல பேட்டரியா கேட்டு வாங்கணும், அவ்ளோதான். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். சித்திரை வெயில்ல வண்டி முன்னாடி ஃபோன மாட்டிக்கிட்டு சுத்தறதையும் நிறுத்தச் சொல்லுங்க, லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் எமன்.

கரண்ட் மிச்சம் பண்ணியே ஆகணும்னா டிவி பக்கம் போகச் சொல்லுங்க. ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் செட்டாப் பாக்ஸ் தூங்கறதில்ல, பல பாக்ஸ் 10 வாட் கிட்ட இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் சும்மா கெடந்தா வருஷத்துக்கு 73 யூனிட், மேட்டூர் அனல் நிலையத்துல கரி எரிச்சு வர்ற கரண்ட்டும் அதுல சேத்திதான். சுவத்துல ஸ்விட்ச அமத்துனா போதும்.

அப்பறம் பீரோவுல பழைய செல்லு ரெண்டு மூணு கெடக்குமே? பழைய இரும்புக்காரர்கிட்ட போடாதீங்க, வயர எரிச்சு செம்பு எடுப்பாங்க, அந்தப் புகை பொல்லாதது. 2022ல வந்த மின்கழிவு விதிப்படி ரீசைக்கிள் பண்ண வைக்கற பொறுப்பு கம்பெனிக்குத்தான், அந்தந்த கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டுப் பாருங்க. அதுல பேட்டரி உப்பிப் போனது ஏதாச்சும் இருந்தா குத்தவோ அமுக்கவோ வேணாம், குப்பையிலயும் போடாதீங்க, தீப்புடிச்சுக்கும், துணி பேப்பர் பக்கம் இல்லாம தனியா வெச்சு மொதல்ல அதக் கொண்டுபோய் குடுத்துருங்க.